டெர்ஸ் மதிப்பெண் ஒன்று சொல்கிறது, ஈஈஜி வேறொன்று சொல்கிறது: எங்கே கோளாறு?

கன்னங்குறிச்சி_காற்று கேட்டது:

வணக்கம். சேலத்தில் செய்யவிருக்கும் முதுகலை உளவியல் ஆய்வு தொடர்பான கேள்வி. உணர்ச்சிகளைக் கையாள்வதில் ஒருவருக்கு இருக்கும் சிரமத்தை இரண்டு வழியில் அளப்பதாகத் திட்டம். ஒன்று, அவரே தன்னைப் பற்றி நிரப்பும் 36 கேள்விகள் கொண்ட டெர்ஸ் (DERS) படிவம், தமிழாக்கத்தில். இன்னொன்று, மனதைக் கலக்கும் படங்களைக் காட்டி ஈஈஜி (தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவது) எடுப்பது. கல்லூரி மாணவர்கள் 40 பேர், ஏற்காடு காப்பித் தோட்டத் தொழிலாளர்கள் 40 பேர். துறையில் இருப்பது 14 சேனல் (14 மின்முனை) வயர்லெஸ் ஹெட்செட்.

முன்னோட்டத்தில் மூன்று சிக்கல்கள்:

1. டெர்ஸில் "தெளிவின்மை" பிரிவின் ஆல்ஃபா (ஒரு பிரிவின் கேள்விகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) மிகக் குறைவாக வருகிறது. கேள்வி 1, 7 இரண்டும் மற்ற மூன்றுக்கும் எதிர்த்திசையில் ஓடுகின்றன.
2. படம் பார்க்கும்போது எல்பிபி அலை (உணர்ச்சியைத் தூண்டும் படத்துக்கு மூளை காட்டும் மெதுவான மின்னலை) யாருக்கும் தெரியவில்லை. கோடு மேலும் கீழுமாய்ப் போகும் வெறும் அலைச்சல்தான்.
3. டெர்ஸ் மொத்த மதிப்பெண்ணுக்கும் ஈஈஜிக்கும் தொடர்பே இல்லை. வழிகாட்டி "ஏதாவது ஒன்று தப்பாக இருக்கிறது, எது என்று கண்டுபிடி" என்கிறார்.

எதை நம்புவது, எதைத் திருத்துவது?

ஐந்துரோடு_அளவுகோல்:

முதல் சிக்கலுக்கு விடை சுலபம். டெர்ஸில் திருப்பிக் கணக்கிட வேண்டியவை பதினொன்று: 1, 2, 6, 7, 8, 10, 17, 20, 22, 24, 34. விடைகள் 1 முதல் 5 வரை என்பதால் ஆறிலிருந்து விடையைக் கழிக்க வேண்டும்; 5 என்றால் 1, 2 என்றால் 4. உங்கள் 1-ம் 7-ம் திருப்பப்படவில்லை, அல்லது இரண்டு முறை திருப்பப்பட்டிருக்கின்றன. இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். கூகுள் ஃபார்மில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் எண்களைத் தலைகீழாக அடுக்கியிருப்பார்கள், பிறகு எக்செலில் இன்னொருவர் சூத்திரம் போட்டு மறுபடி திருப்பிவிடுவார்.

இதைவிட மோசமான இடம் "கவனியாமை" பிரிவு. அதில் உள்ள ஆறு கேள்விகளும் (2, 6, 8, 10, 17, 34) திருப்ப வேண்டியவை. ஆறும் சேர்ந்து தப்பானால் ஆல்ஃபா அசையவே அசையாது, பார்க்க அழகாக இருக்கும். ஆகவே ஆல்ஃபாவை நம்பாமல் ஒரே ஒருவருடைய தாளை எடுத்து, கையால் கூட்டி, எக்செல் எண்ணோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

படிக்காமல் வரிசையாக ஒரே கட்டத்தில் டிக் அடித்தவர்களைப் பிடிக்கவும் அந்தப் பதினொன்று உதவும். எல்லாவற்றுக்கும் 1 போட்டால் மொத்தம் 80 வரும், 2 போட்டால் 94, 3 போட்டால் 108, 4 போட்டால் 122, 5 போட்டால் 136. இந்த ஐந்து எண்களில் ஒன்று வந்தால் அந்தத் தாளைத் திறந்து பாருங்கள். உண்மையாகவே 108 எடுத்தவரும் இருப்பார், அவசரப்பட்டு நீக்க வேண்டாம்.

அடுத்தது தமிழாக்கம். கிராட்ஸும் ரோமரும் 2004-ல் வெளியிட்ட மூலத்தில் "ஏற்காமை" பிரிவின் ஆறு கேள்விகளும் வருத்தமாக இருக்கும்போது தன்மேல் தனக்கே வரும் உணர்வுகளைக் கேட்கின்றன: கோபம், சங்கடம், அவமானம், பலவீனம், குற்ற உணர்வு, எரிச்சல். ஆங்கிலத்தில் சங்கடமும் அவமானமும் வேறு வேறு சொற்கள். தமிழாக்கத்தில் இரண்டுக்கும் "வெட்கம்" என்றே வந்துவிட்டால் 12-ம் 21-ம் ஒரே கேள்வியாகிவிடும். அதனால் ஆல்ஃபா கூடும், நீங்களும் மகிழ்வீர்கள், ஆனால் அளந்தது குறைவு. "பலவீனம்" இன்னும் வம்பு: நம் ஊரில் அதைக் கேட்டால் சத்து மாத்திரை ஞாபகம்தான் வரும். "நான் திடமில்லாத ஆளோ என்று தோன்றுகிறது" என்கிற மாதிரி போனால் பொருள் நிற்கும்.

இந்த மாதிரிக் கோளாறுகளைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்ப்பதால் பிடிக்க முடியாது. திருப்பி மொழிபெயர்ப்பவர் புத்திசாலியாக இருந்தால் தப்பையும் சரியாக்கி விடுவார். எட்டுப் பத்துப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் படித்து, "இதை உங்க வார்த்தையில சொல்லுங்க, கடைசியா எப்ப அப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த வரியை மாற்றுங்கள்.

கடைசியாக மொத்த மதிப்பெண். ஆறு பிரிவுகளில் கவனியாமை மட்டும் மற்ற ஐந்தோடு ஒட்டாமல் நிற்பது பல மொழிகளில் கண்ட விஷயம். 2016-ல் வந்த 16 கேள்விச் சுருக்கம் அதைக் கழற்றியேவிட்டது. நீங்களும் கவனியாமையைத் தனியாக வைத்து, மீதி 30 கேள்விகளுக்கு 30 முதல் 150 வரை ஒரு கூட்டல் போடுங்கள். இத்தனைக்கு மேல் என்றால் நோய் என்று பிரிக்கும் கோடு எதுவும் இந்தப் படிவத்துக்குக் கிடையாது. "அதிகச் சிரமம் உள்ளவர்" என்று யாருக்கும் முத்திரை குத்தாதீர்கள்.

மைக்ரோவோல்ட்:

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். எல்பிபி தெரியாததற்கு முதல் காரணம் உங்கள் ஹெட்செட்டாக இருக்கலாம். இந்த அலை படம் வந்து ஏறத்தாழ 400 மில்லிநொடியில் எழுந்து, தலையின் நடுக்கோட்டில், உச்சிக்குச் சற்றுப் பின்னால், பிஇசட், சிபிஇசட் புள்ளிகளில் உயர்ந்து நிற்கும். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 14 சேனல் வகை ஒன்றில் நடுக்கோட்டில் மின்முனையே கிடையாது. கிணறு இல்லாத இடத்தில் வாளியை விட்டால் தண்ணீர் எப்படி வரும்? உங்கள் ஹெட்செட்டின் வரைபடத்தில் பிஇசட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இல்லையென்றால் இரண்டு வழி. 32 சேனல் ஆய்வுக் கருவியை வேறு துறையிடம் இரவல் வாங்கலாம். அல்லது மருத்துவமனை நரம்பியல் பிரிவின் ஈஈஜி கருவியைக் கேட்கலாம், அதில் பிஇசட் உண்டு. ஆனால் வலிப்பு பார்க்கும் கருவியில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, டைம் கான்ஸ்டன்ட், அதாவது மெதுவான அலைகளை எங்கே வெட்டுவது என்ற அமைப்பு. பெரும்பாலும் 0.3 நொடியில் வைத்திருப்பார்கள், அதாவது 0.53 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் வெட்டுப்படும். எல்பிபி மெதுவான அலை, அதன் வயிற்றையே வெட்டி எடுத்துவிடும். 1.6 நொடிக்கு மாற்றச் சொல்லுங்கள், 0.1 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மேல் எல்லை 30 ஹெர்ட்ஸ் போதும். அப்படி வைத்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இன்னொன்று, படம் எப்போது வந்தது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. விசைப்பலகையில் கையால் குறி போட்டால் நூற்றுக்கணக்கான மில்லிநொடி தள்ளாடும். திரையின் ஒரு மூலையில் சின்ன வெள்ளைக் கட்டம் படத்தோடு சேர்ந்து வரும்படி செய்து, அதன்மேல் ஒரு போட்டோடயோடு (ஒளி உணரி) ஒட்டி, அதன் கம்பியைக் கருவியின் காலியான டிசி சேனலில் கொடுங்கள். அந்தச் சேனலில் எகிறும் இடமே உங்கள் பூஜ்யம். மருத்துவமனைக் கருவியில் வெளிக்கம்பி எதையும் அவர்களுடைய பயோமெடிக்கல் ஆள் பார்க்காமல் சொருகக்கூடாது, மின் தனிமைப்படுத்தல் விஷயம் அது.

இனி தலைமுடி. சேலத்தில் ஈஈஜி எடுப்பவருக்குப் பாதி எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய்ப் படலம் இருந்தால் மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே இறங்கவே இறங்காது, எவ்வளவு ஜெல் விட்டாலும் மேலே மிதக்கும். முந்தின இரவே ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்து, எண்ணெய், கண்டிஷனர் இல்லாமல் வரச் சொல்லுங்கள். காலையில் குளித்து ஈரத்தோடு வருவதும் கெடுதல். ஈரமும் ஜெல்லும் கலந்து பக்கத்துப் பக்கத்து மின்முனைகளைப் பாலம் போட்டு இணைத்துவிடும், இரண்டும் ஒரே அலையைக் காட்டும். பூ, கிளிப், கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும்.

நீளமான முடிக்கு இது முக்கியம்: கொண்டையோ ஒற்றைச் சடையோ போட்டால் தொப்பி பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், சரியாக பிஇசட் இருக்கும் இடத்தில். நடுவகிடு எடுத்து ரெட்டைச் சடை போடச் சொல்லுங்கள். வகிடு நேராக நடுக்கோட்டில் போகும், தோல் தெரியும், மின்முனை அதன்மேல் உட்காரும். மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை முண்டு வரை டேப் வைத்து அளங்கள். 36 செ.மீ. என்றால் உச்சிப்புள்ளி சிஇசட் 18-ல், பிஇசட் 70 விழுக்காட்டில், அதாவது 25.2-ல். தொப்பி அந்தப் புள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஜெல் விடுங்கள்.

நீங்கள் சொன்ன "அலைச்சல்" பெரும்பாலும் வியர்வை. சித்திரை வைகாசியில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் எடுத்தால் அரை ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய ஏற்ற இறக்கங்கள் வரும். அதை அடக்க 1 ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்டால் எல்பிபியும் சேர்ந்து போய்விடும். ஏ.சி. அறை பிடியுங்கள், முடியாவிட்டால் காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். விசிறிக் காற்றில் ஆடும் கம்பிகளும் இதே அலைச்சலைத் தரும், அவற்றை முடிந்து சட்டையோடு கிளிப் போட்டுவிடுங்கள். மடிக்கணினி பேட்டரியில் ஓடட்டும்.

படவேலைக்கு ஒரு கணக்கு. மூன்று நிலை: சாதாரணப் படம் பார்ப்பது, கலக்கும் படம் பார்ப்பது, கலக்கும் படத்தை வேறு கண்ணோட்டத்தில் எண்ணி உணர்வைக் குறைப்பது. நிலைக்கு 30 படம், மொத்தம் 90. குறிப்பு 2 நொடி, படம் 6 நொடி, "இப்போது எவ்வளவு கலக்கம்" என்று எண் கேட்பது 4 நொடி. ஆக 18 நிமிடம், நடுவில் இரண்டு இடைவேளை. படத்துக்கு முந்தைய 200 மில்லிநொடியை ஒப்பிடும் தொடக்க மட்டமாக எடுங்கள். கண் சிமிட்டலை ஐசிஏ (கலந்த அலைகளைப் பிரிக்கும் கணக்குமுறை) கொண்டு நீக்கி, மிச்சத்தில் ±100 மைக்ரோவோல்ட் தாண்டியதைத் தள்ளுங்கள்.

கடைசி எச்சரிக்கை. "குறையுங்கள்" என்றதும் பலர் கண்ணைப் படத்தின் ஓரத்துக்கு நகர்த்திவிடுவார்கள். எல்பிபி குறையும், நீங்கள் உணர்ச்சி கட்டுப்பட்டது என்று எழுதுவீர்கள், நடந்தது பார்க்காமல் இருந்தது. பயிற்சிப் படம் ஐந்தில் அவர் மனதில் என்ன சொல்லிக்கொள்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "கண்ணை மூடிக்கிட்டேன்", "வேற எதையாவது நினைச்சேன்" என்றால் மறுபடி சொல்லிக்கொடுங்கள்.

சராசரிக்கு_அப்பால்:

மேலே இரண்டு பேர் சொன்னதையும் திருத்தினாலும் மூன்றாவது சிக்கல் அப்படியே இருக்கக்கூடும். அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்வதுதான் தப்பு. வழிகாட்டியின் கேள்வியிலேயே பிழை இருக்கிறது.

டெர்ஸ் கேட்பது: "மனசு சரியில்லாத நேரங்களில் நீங்கள் பொதுவாக எப்படி?" அது ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணிப்பு, மாதக்கணக்கான நினைவின் சாரம். எல்பிபி அளப்பது: முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய காயத்தைப் படத்தில் பார்க்கும்போது, நீங்கள் "குறை" என்று கட்டளையிட்டால், ஆறு நொடியில் முடிகிறதா? ஒன்று பழக்கம், மற்றது திறமை. வீட்டில் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவரால் மேடையில் கத்த முடியுமா என்று கேட்பது மாதிரி. இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்க எல்லா நியாயமும் உண்டு.

இதன்மேல் நம்பகத்தன்மை, அதாவது மறுபடி அளந்தால் அதே மாதிரி எண் வருமா என்பது. எல்பிபி ஒவ்வொரு நிலையிலும் 0.9 நம்பகத்தன்மையோடு கிடைத்தது என்று வையுங்கள். "பார்" நிலையும் "குறை" நிலையும் தங்களுக்குள் 0.8 தொடர்பு. நீங்கள் பயன்படுத்தப்போவது இரண்டின் வித்தியாசம். அதன் நம்பகத்தன்மை (0.9 − 0.8) ÷ (1 − 0.8), அதாவது 0.5. நல்ல இரண்டு அளவைகளைக் கழித்து ஒரு சுமாரான அளவை செய்திருக்கிறீர்கள். டெர்ஸ் 0.9 என்றால், உண்மைத் தொடர்பு 0.4 இருந்தாலும் தாளில் 0.27-தான் தெரியும். அதைப் பிடிக்க, 80 விழுக்காடு வாய்ப்போடு, 105 பேர் வேண்டும். 40 பேரை வைத்து 0.43-க்குக் குறைந்த எதையும் நம்பிப் பிடிக்க முடியாது. "தொடர்பே இல்லை" என்று எழுதாதீர்கள், "தொடர்பு இருந்தாலும் தெரியாத அளவு" என்பதே உண்மை.

எஃப்எம்ஆர்ஐ (மூளையின் இரத்த ஓட்ட மாற்றத்தைக் காட்டும் ஸ்கேன்) கிடைத்திருந்தால் தீர்ந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2020-ல் எலியட் குழுவினர் பணிசார் எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஒரே ஆளை மறுபடி அளக்கும்போது கிடைத்த ஒப்புமை சராசரியாக 0.397. தனிமனிதரை வரிசைப்படுத்த அது போதாது.

செய்ய வேண்டியது என்ன? ஒற்றைப்படை, இரட்டைப்படைப் படங்களைத் தனித்தனியே சராசரி எடுத்து, வித்தியாச மதிப்பின் நம்பகத்தன்மையை நீங்களே கணக்கிட்டுப் பட்டியலில் போடுங்கள். கழித்தலுக்குப் பதில், "குறை" நிலையை "பார்" நிலையிலிருந்து கணித்து மீதியை எடுக்கலாம், இன்னும் நல்லது எல்லாப் படங்களையும் தனித்தனி வரியாக வைத்து ஒரு கலப்பு மாதிரி (ஆளுக்கு ஆள், படத்துக்குப் படம் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் புள்ளியியல் முறை). படத்துக்குப் பிறகு கேட்கும் அந்த 4 நொடி எண் உங்களுக்குப் பாலம்: அதுவும் சுயமதிப்பீடுதான், ஆனால் எல்பிபி அளந்த அதே கணத்தைப் பற்றியது. முதலில் அதையும் எல்பிபியையும் பாருங்கள். அங்கே ஒத்துப்போய் டெர்ஸோடு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், கருவி வேலை செய்கிறது, கேள்விதான் வேறு. அங்கேயும் ஒத்துப்போகவில்லை என்றால் மைக்ரோவோல்ட் சொன்னதை எல்லாம் மறுபடி படியுங்கள்.

ஒன்று செய்யாதீர்கள்: ஆறு பிரிவு, மூன்று மின்முனை, இரண்டு நேரச் சாளரம் என்று 36 தொடர்புகளைப் போட்டு, நட்சத்திரம் (தற்செயல் அல்ல என்று மென்பொருள் போடும் குறி) விழுந்த இரண்டை மட்டும் எழுதுவது. ஒன்றுமே இல்லாத தரவிலும் 36-க்கு ஏறத்தாழ இரண்டு நட்சத்திரம் விழத்தான் செய்யும். எந்தப் பிரிவு, எந்த மின்முனை, எந்தச் சாளரம் என்பதை ஈஈஜி எடுக்கும் முன்பே எழுதி வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள்.

கன்னங்குறிச்சி_காற்று:

மூவருக்கும் நன்றி. கேள்வி 1, 7 விஷயத்தில் ஐந்துரோடு சொன்னது அப்படியே சரி, ஃபார்மிலும் திருப்பியிருக்கிறது, எக்செலிலும் திருப்பியிருக்கிறது. ஹெட்செட்டில் நடுக்கோடு இல்லை என்பதும் சரி. கைவசம் முன்மண்டையில் இடப்பக்க எஃப்3, வலப்பக்க எஃப்4 மின்முனைகள் இருக்கின்றன. எல்பிபியை விட்டுவிட்டு முன்மண்டை ஆல்ஃபா சமச்சீரின்மை மட்டும் எடுக்கலாமா? தோட்டத் தொழிலாளர்களுக்கு என்ன செய்வது?

மைக்ரோவோல்ட்:

எடுக்கலாம், ஆனால் அது வேறு ஆய்வு. 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான சக்தியை இரு பக்கமும் எடுத்து, மடக்கை போட்டு, எஃப்4-லிருந்து எஃப்3-ஐக் கழிக்கிறீர்கள். ஆல்ஃபா கூடினால் அந்தப் பக்கம் வேலை குறைவு என்று வைத்துக்கொள்வது வழக்கம், ஆகவே விடை கூடினால் இடப்பக்கம் ஒப்பளவில் சுறுசுறுப்பு. இங்கே எல்லாரும் ஒருமுறையாவது திசையை மாற்றி எழுதுவார்கள். (ஐந்துரோடு பேசிய ஆல்ஃபாவும் இதுவும் வேறு என்பதை ஆய்வேட்டில் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.) கண் திறந்து ஒரு நிமிடம், மூடி ஒரு நிமிடம் என மாற்றி மாற்றி எட்டு நிமிட ஓய்வுப் பதிவு வேண்டும். எந்த மின்முனையை ஒப்புப்புள்ளியாக வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து விடையே மாறும். ஓய்வில் அளந்த ஒன்றைக் கட்டுப்பாட்டுத் திறன் என்று தலைப்பில் போடாதீர்கள், அவ்வளவுதான்.

நாகலூர்_மிளகு:

தோட்டத்துக்கு என் யோசனை: ஈஈஜியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆட்களையும் கீழே இறக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவருக்குக் குமட்டல் அடங்கவே நேரம் பிடிக்கும். அந்த நிலையில் கோரமான படம் காட்டினால் அளப்பது மலைப்பாதையைத்தான். மாணவரையும் தொழிலாளரையும் ஒப்பிடுவதும் நிற்காது: வயது, படிப்பு, தூக்கம், காப்பி எல்லாமே வேறு. படிவம் இரு குழுவிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது என்று காட்டாமல் சராசரிகளை ஒப்பிட முடியாது, அதற்கு 40 பேர் காணாது.

மலையில் செய்ய உருப்படியான வேலை உண்டு: படிவத்தை வாய்மொழியாகக் கேட்கும் முறையைச் சோதிப்பது. மூலத்தின் ஐந்து விடைகள் விழுக்காட்டில் இருக்கின்றன: 0 முதல் 10, 11 முதல் 35, 36 முதல் 65, 66 முதல் 90, 91 முதல் 100. "அனேகமாக ஒருபோதும் இல்லை" என்று படித்துக் காட்டினால் கேட்பவர் முகத்தைப் பார்த்தே புரியும். பத்துக் காப்பிக் கொட்டையை மேசையில் வைத்து, "மனசு கலங்கின பத்துத் தடவையில இப்படி எத்தனை தடவை? அத்தனை கொட்டையை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று கேளுங்கள். 0, 1 என்றால் விடை 1. 2, 3 என்றால் 2. 4 முதல் 6 என்றால் 3. 7 முதல் 9 என்றால் 4. பத்தும் தள்ளினால் 5. கடைசிக் கட்டம் குறுகல் என்பதால் 5 குறைவாக விழும், அதை ஆய்வேட்டில் சொல்லிவிடுங்கள். தமிழாக்கத்தில் எதிர்மறை வாக்கிய அமைப்பைத் தவிருங்கள்: "நான் கவனிப்பதில்லை" என்ற வரிக்கு "இல்லை" என்று தலையாட்டினால் யாருக்கும் அர்த்தம் தெரியாது.

சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளி மக்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் மனசைப் பற்றிய சொற்கள் சேலத்துப் படிவத்தில் இருப்பவை அல்ல. உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியையோ கணக்குப்பிள்ளையையோ வைக்காதீர்கள், அவர் முன்னால் யாரும் கோபம் வரும் என்று சொல்ல மாட்டார்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கும் காலம், அப்போது போகாதீர்கள். ஒரு மணி நேரம் எடுத்தால் அதற்குரிய கூலியைக் கொடுங்கள், எவ்வளவு என்பதை நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

அதே விண்ணப்பத்தில் இன்னொரு வரி: நடுவில் யாராவது உடைந்து அழுதால் என்ன செய்வீர்கள்? கேள்வியை நிறுத்துவது, கூட இருப்பது, யாரிடம் அனுப்புவது என்று பெயரோடு இருக்க வேண்டும். அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416-ஐத் தமிழில் அச்சடித்த சீட்டாக எல்லாருக்குமே கொடுங்கள். அழுதவருக்கு மட்டும் கொடுத்தால் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) பக்கத்து வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்துவிடும்.

கன்னங்குறிச்சி_காற்று:

அப்படியென்றால் திட்டத்தை இப்படி மாற்றுகிறேன்: மலையில் 10 பேரிடம் வாய்மொழிச் சோதனை மட்டும். சேலத்தில் மாணவர்கள் 60 பேர், இரவல் கருவி, ஒரே மின்முனை பிஇசட், ஒரே சாளரம். சாளரம் படம் வந்து 400 முதல் 1000 மில்லிநொடி வரை போதுமா?

மைக்ரோவோல்ட்:

போதாது. படத்தை வேறு கண்ணோட்டத்தில் நினைத்துப் பார்க்க நேரம் பிடிக்கும், அதன் விளைவு பிந்தித்தான் தெரியும். ஒரே சாளரம்தான் என்றால் 1000 முதல் 2000 எடுங்கள். 400 முதல் 1000-ஐக் கலக்கும் படத்துக்கும் சாதாரணப் படத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்ற சோதனைக்கு மட்டும் வையுங்கள். அங்கே வித்தியாசம் வராதவரின் பதிவில் ஜெல் காய்ந்ததா, தொப்பி நகர்ந்ததா என்று பாருங்கள்.

சராசரிக்கு_அப்பால்:

60 பேர் என்றால் 0.35-க்குக் குறைந்த தொடர்பைப் பிடிக்க முடியாது, அதையும் எழுதிவிடுங்கள். பத்துப் பேருடைய பதிவு எப்படியும் கெடும், 70 பேரைக் கூப்பிடுங்கள்.